கங்கைகொண்ட சோழபுரமும் கற்பூரமும்

ஒரு சிறு சோதனையுடன் தொடங்குவோம். பூசை அறையிலிருந்து ஒரே அளவுள்ள இரண்டு கற்பூர வில்லைகளை எடுத்துக் கொள்ளுங்கள். ஒன்றைத் திறந்த தட்டில் வையுங்கள். மற்றொன்றைச் சிறு டப்பாவில் இட்டு இறுக மூடுங்கள். சில நாட்கள் கழித்துப் பாருங்கள். டப்பாவில் உள்ள வில்லை ஏறத்தாழ அப்படியே இருக்கும். தட்டில் உள்ளதோ இளைத்துப் போயிருக்கும். இன்னும் சில நாட்களில் அது இருந்த இடமே தெரியாது. தட்டில் ஈரமும் இராது, பொடியும் இராது.

திண்மப் பொருளொன்று திரவமாகாமலே நேரே ஆவியாவதைப் பதங்கமாதல் என்கிறோம். இது பள்ளிப் பாடம், நீங்கள் அறிந்ததே. ஆனால் இந்தச் சோதனையில் மற்றொரு செய்தியும் அடங்கியிருக்கிறது. கற்பூரம் மிச்சமின்றி மறைவது ஏன்? தூய கற்பூரம் ஒரே பொருளால் ஆனது. அதில் உள்ள மூலக்கூறுகள் யாவும் ஒரே வகை. அதனால்தான் பின்தங்கி நிற்க அதில் வேறு எதுவும் இல்லை. மல்லிகையின் மணம் அப்படிப்பட்டதன்று. சந்தனத்தின் மணமும் அப்படிப்பட்டதன்று. அவற்றில் பல பொருள்கள் கூட்டாகக் கலந்துள்ளன.

இந்த ஒரு வேறுபாடு கடந்த ஆயிரம் ஆண்டுகளில் கடற்படைகளையும் காடுகளையும் தொழிற்சாலைகளையும் உழவர்களின் வாழ்வையும் எவ்வாறு தொட்டது என்பதே இக்கட்டுரையின் பொருள். அந்தக் கதையின் ஒரு முனை நம் அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது.

கூட்டு மணமும் தனி மணமும்

முதலில் சில சொற்களைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். இலையையோ பூவையோ வேரையோ நீராவியில் காய்ச்சி வடித்தால் கிடைப்பது ஆவியாகும் எண்ணெய். இது பல மணப்பொருள்களின் கலவை. இக்கலவையிலிருந்து ஒரே ஒரு பொருளை மட்டும் பிரித்து எடுத்தால் அதனைத் தனிமணப்பொருள் எனலாம். கிராம்பு எண்ணெய் ஒரு கலவை. அதிலிருந்து பிரித்த யூஜினால் ஒரு தனிமணப்பொருள். புதினா எண்ணெய் ஒரு கலவை. அதிலிருந்து பிரித்த மெந்தால் ஒரு தனிமணப்பொருள்.

பிரிப்பது எப்படி? வழிகள் பல. மெந்தால் நிறைந்த புதினா எண்ணெயை நன்கு குளிர்வித்தால் மெந்தால் ஊசி ஊசியாகப் படிகமாகி ஒதுங்கிவிடும். கிராம்பு எண்ணெயுடன் காரக் கரைசலைச் சேர்த்துக் குலுக்கினால் யூஜினால் மட்டும் காரத்துடன் இணைந்து நீரில் கரையும்; பிறகு அமிலம் இட்டு அதை மீட்கலாம். எலுமிச்சைப்புல் எண்ணெயில் உள்ள சிட்ராலைச் சோடியம் பைசல்பைட்டு பற்றிக் கொள்ளும். அந்த இணைப்பை உடைத்துச் சிட்ராலைத் தனியே பெறலாம். பாமரோசா புல்லின் எண்ணெயிலிருந்து ஜெரானியாலைக் கால்சியம் குளோரைடு கொண்டு பிரிக்கலாம். இவை எதற்கும் பிடிகொடுக்காத எண்ணெய்களைக் காற்றழுத்தம் குறைந்த கலத்தில் இட்டு, வெவ்வேறு வெப்பநிலையில் ஆவியாகும் பகுதிகளாகப் பிரித்து வடிக்கிறார்கள்.

தாவரப் பொருள்களை மட்டுமே கொண்டு நறுமணம் கூட்டுவோருக்குத் தனிமணப்பொருள்கள் பெரிதும் பயன்படுகின்றன. முழு எண்ணெயின் மணம் மண்ணுக்கும் மழைக்கும் அறுவடைக் காலத்துக்கும் ஏற்ப மாறும். தனிப்பொருளின் மணம் மாறாது. ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு 3,000 கிலோவுக்கும் மேலான இதழ்கள் வேண்டும். ஆனால் ரோஜா மணத்தின் முக்கியக் கூறுகளுள் ஒன்றான ஜெரானியாலை ஒரு சாதாரணப் புல்லிலிருந்தே பெற்றுவிடலாம். அதைக் கொண்டு சிறிதளவு ரோஜா எண்ணெயின் மணத்தை நிறைவாக்கலாம்.

இவ்வாறு பிரித்தெடுக்க மனிதன் கற்றது அண்மைக் காலத்தில்தான். ஆனால் தனிமணப்பொருள் ஒன்றை இயற்கையே பிரித்து, தூய்மையாக்கி, படிகமாக்கி, மரத்தின் வயிற்றில் ஒளித்து வைத்திருந்தது. அதுதான் கற்பூரம்.

சோழர் தலைநகரும் கற்பூரக் கரையும்

பெரம்பலூரிலிருந்து கிழக்கே புறப்பட்டு அரியலூர், ஜெயங்கொண்டம் வழியாகச் சென்றால் கங்கைகொண்ட சோழபுரத்தை அடையலாம். இரண்டு மாவட்டங்களும் ஒரு காலத்தில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதிகள். 1995இல் பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. அதிலிருந்து அரியலூர் 2001இல் பிரிந்து, மறு ஆண்டே மீண்டும் இணைந்து, 2007இல் நிலையாகத் தனி மாவட்டமாயிற்று. சுண்ணாம்புக்கல்லும் முந்திரியும் பருத்தியும் மக்காச்சோளமும் காணும் இந்த வறண்ட நிலப்பகுதியில் ஒரு பேரரசின் தலைநகரம் இருந்தது என்பதை வானளாவ நிற்கும் கோயில் விமானம் இன்றும் சொல்லிக் கொண்டிருக்கிறது.

முதலாம் இராசேந்திரன் (1012–1044) எழுப்பிய இந்நகரம் ஏறத்தாழ 250 ஆண்டுகள் சோழர்களின் தலைநகராக விளங்கியது. கோயிலிலிருந்து சற்றுத் தொலைவில் உள்ள மாளிகைமேட்டில் தொல்பொருள் ஆய்வாளர்கள் அகழ்ந்தபோது அரண்மனையின் செங்கற் சுவர்களுடன் சீனப் பீங்கான் ஓடுகளும் கிடைத்தன. கடலிலிருந்து தள்ளி இருந்த நகரம்தான். ஆனாலும் அதன் கை கடலுக்கு அப்பால் நீண்டிருந்தது.

1025ஆம் ஆண்டளவில் இராசேந்திரனின் கடற்படை ஸ்ரீவிசயத்தையும் கடாரத்தையும் தாக்கியது. தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள 1030ஆம் ஆண்டுக் கல்வெட்டு, வென்ற ஊர்களைப் பட்டியலிடுகிறது. பண்ணை, மலையூர், இலாமுரி தேசம் என அதில் வரும் பெயர்களுள் பல சுமத்திராத் தீவைச் சேர்ந்தவை. அப்படையெடுப்பின் நோக்கம் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் சீனத்துக்குச் செல்லும் கடல்வழி வணிகத்தின் மீதிருந்த அக்கறை ஒரு காரணம் எனப் பலர் கருதுகின்றனர். அந்த வணிகத்தில் நறுமணப் பொருள்களுக்குப் பெரும் இடம் இருந்தது. 1077இல் முதலாம் குலோத்துங்கன் காலத்தில் 72 பேர் கொண்ட சோழத் தூதுக்குழு சீன அரசவைக்குச் சென்றது. அக்குழு கொண்டு சென்ற பொருள்களுள் கற்பூரமும் பன்னீரும் கிராம்பும் இருந்தன எனச் சீனக் குறிப்புகள் கூறுகின்றன.

சோழ நாட்டில் கற்பூர மரம் வளர்வதில்லை. பின் கற்பூரம் எங்கிருந்து வந்தது? சுமத்திராவின் மேற்குக் கரையில் பாரூஸ் என்றோர் ஊர் உண்டு. அதன் பின்புறக் காடுகளில் டிரையோபலனாப்ஸ் என்னும் மாமரங்கள் 60 மீட்டர் உயரம் வரை வளர்ந்தன. முதிர்ந்த மரத்தின் உள்வயிரத்தில் ஏற்படும் பிளவுகளில் வெண்ணிறப் படிகங்கள் திரண்டிருக்கும். எந்த மரத்தில் இருக்கும், எதில் இராது என்பதை வெளியே நின்று உறுதியாகச் சொல்ல முடியாது. வெட்டிப் பிளந்துதான் பார்க்க வேண்டும். பல மரங்களை வீழ்த்தினாலும் ஒன்றிரண்டில்தான் கிட்டும். மலாய்த் தீபகற்பத்தில் கற்பூரம் தேடிக் காட்டுக்குள் சென்றவர்கள், மரத்தின் ஆவி அறிந்து மறைந்துவிடும் என அஞ்சித் தங்களுக்குள் ஒரு மறைமொழியில் பேசிக்கொள்ளும் வழக்கம்கூட இருந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பகுதிகளைக் கடந்து சென்ற மார்க்கோ போலோ, பன்சூர்க் கற்பூரம் எடைக்கு எடை பொன்னுக்கு விற்றதாகக் குறித்துள்ளார். பன்சூர் என்பது பாரூஸின் மற்றொரு பெயரே.

இந்தப் பாரூஸுக்கு அருகில் லோபு துவா என்னுமிடத்தில் 1873இல் ஒரு கல்வெட்டு கண்டெடுக்கப்பட்டது. அதன் மொழி தமிழ்! காலம் சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088. வரலாற்றறிஞர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார் 1932இல் அதை ஆராய்ந்து வெளியிட்டார். ஐந்நூற்றுவர் எனப்பட்ட தமிழ் வணிகர் குழு அங்கே கூடி எடுத்த முடிவு அதில் பொறிக்கப்பட்டுள்ளது. கப்பல் தலைவரும் கப்பலைச் சேர்ந்தோரும் கஸ்தூரியின் விலையை அளவாகக் கொண்டு பொன்னாகக் கட்டணம் செலுத்த வேண்டும் என்பது அம்முடிவு. நறுமணப்பொருளின் விலையே வரிக்கு அளவுகோலாக இருந்ததைக் கவனியுங்கள். கங்கைகொண்ட சோழபுரம் தலைநகராக இருந்த நாளில், கற்பூரம் விளையும் கரையில் தமிழ் வணிகர்கள் தங்கி வாழ்ந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுமா?

வாறோசும் சீனச்சூடனும்

சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் கற்பூர வகைகள் பலவற்றின் பெயரைத் தருகிறார். அவற்றுள் மூன்று நமக்கு முக்கியமானவை: வாறோசு, சூடன், சீனச்சூடன். வாறோசு என்பது பாரூஸ் என்னும் ஊர்ப் பெயரின் தமிழ் வடிவம். சூடன் என்ற சொல்லோ சூடம் என்று இன்றும் நம் வீடுகளில் வழங்குகிறது. சீனச்சூடன் சீனத்திலிருந்து வந்தது என்பதைப் பெயரே காட்டுகிறது.

பாரூஸ் மரத்தின் கற்பூரமும் சீனக் கற்பூரமும் ஒன்றல்ல. சீனத்தின் தென்பகுதி, தைவான், ஜப்பான் ஆகிய இடங்களில் வளர்வது இலவங்கப்பட்டை இனத்தைச் சேர்ந்த வேறொரு மரம். அதன் கட்டையைச் சிறு சிராய்களாகச் செதுக்கி, நீராவியில் வேகவைத்து, வரும் ஆவியைக் குளிர்வித்தால் கற்பூரம் படியும். முன்னதை நெருப்புப் படாமல் மரத்திலிருந்து அப்படியே எடுத்தார்கள். பின்னதைக் காய்ச்சி எடுத்தார்கள். நம் பழைய மருத்துவ நூல்களும் காய்ச்சாத கற்பூரம், காய்ச்சிய கற்பூரம் எனப் பிரித்துப் பேசுகின்றன. பச்சைக் கற்பூரம் என்ற பெயரில் உள்ள பச்சை நிறத்தைக் குறிப்பதன்று; பச்சைப்பால், பச்சரிசி என்பதைப் போல நெருப்பில் படாதது என்பதே அதன் பொருள்.

இரண்டுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு 19ஆம் நூற்றாண்டில் வெளிப்பட்டது. பாரூஸ் கற்பூரத்தின் மூலக்கூறில் 10 கார்பன் அணுக்கள், 18 ஹைட்ரஜன் அணுக்கள், ஓர் ஆக்சிஜன் அணு உள்ளன. சீனக் கற்பூரத்திலோ 10 கார்பன், 16 ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன். வேறுபாடு இரண்டே ஹைட்ரஜன் அணுக்கள்தாம்! முன்னதற்குப் போர்னியால் என்று பெயர். 1840இல் பெலூஸ் என்னும் பிரெஞ்சு வேதியியலர் போர்னியாலை நைட்ரிக் அமிலத்தால் ஆக்சிகரணித்து, அதைச் சாதாரணக் கற்பூரமாக மாற்றிக் காட்டினார். பொன்னுக்கு நிகராக விற்ற பொருளையும் அதைவிட மலிவான அதன் உறவினரையும் பிரித்தது இவ்வளவு மெல்லிய சுவர்தான்.

காட்டிலிருந்து தொழிற்சாலைக்கு

இனிக் கதை விரைவாக நகர்கிறது. 1870இல் அமெரிக்காவில் ஹயட் சகோதரர்கள் செல்லுலாய்டு என்னும் பொருளுக்குக் காப்புரிமை பெற்றனர். நைட்ரோசெல்லுலோசைக் கற்பூரத்துடன் கலந்து பிசைந்தால் வேண்டிய வடிவில் வார்க்கக்கூடிய பொருள் கிடைத்தது. சீப்புகள், பொம்மைகள், புகைப்படச் சுருள்கள், பின்னர் திரைப்படச் சுருள்கள் எல்லாம் அதிலிருந்து வந்தன. பூசைக்கும் மருந்துக்கும் மணத்துக்கும் பயன்பட்டு வந்த கற்பூரம் பெருந்தொழிலின் மூலப்பொருளாயிற்று.

அந்நாளில் உலகின் கற்பூரத்தில் பெரும்பகுதி தைவான் தீவின் மலைக்காடுகளிலிருந்து வந்தது. 1895இல் தீவைக் கைப்பற்றிய ஜப்பான், 1899இல் அங்குக் கற்பூரத்தை அரசின் தனியுரிமையாக்கியது. கற்பூர மரங்களைத் தேடி மலைக்குள் நுழைந்தவர்களுக்கும் அங்கு வாழ்ந்த பழங்குடியினருக்கும் இடையே மோதல்கள் மூண்டன. மரங்களும் அழிந்தன, மக்களும் நிலத்தை இழந்தனர்.

ஒரு பொருளின் விலை ஒருவர் கையில் சிக்கிக்கொண்டால் மற்றவர்கள் மாற்று வழி தேடுவது இயல்பு. கற்பூரத்தில் அந்த வழி திறக்கக் காரணம் அது தனிப்பொருளாக இருந்ததே. 1893இல் பிரெட் என்னும் ஜெர்மானிய வேதியியலர் கற்பூர மூலக்கூறின் சரியான அமைப்பை வரைந்து காட்டினார். 1903இல் பின்லாந்தைச் சேர்ந்த கொம்ப்பா அதைச் சோதனைச் சாலையில் எளிய பொருள்களிலிருந்து கட்டி எழுப்பினார். வரைபடம் கையில் கிடைத்தபின் வீடு கட்டுவது கொத்தனாருக்கு அரிதோ?

ஆனால் தொழிற்சாலைகளுக்கு மலிவான வழி பைன் மரத்தில் கிடைத்தது. பைன் மரப் பிசினைக் காய்ச்சினால் வருவது டர்பன்டைன் எண்ணெய். வண்ணம் பூசுவோர் பயன்படுத்தும் எண்ணெய்தான். அதில் பைனீன் என்னும் பொருள் உள்ளது. அதன் மூலக்கூறிலும் கார்பன் அணுக்கள் பத்தே. பைனீனைக் கேம்ஃபீனாகவும், அதை ஐசோபோர்னியாலாகவும், அதைக் கற்பூரமாகவும் படிப்படியாக மாற்றலாம். 20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் இம்முறை பரவியதும் கற்பூரக் காடுகளின் தனியுரிமை தளர்ந்தது. இந்தியாவிலும் 1960களில் உத்தரப் பிரதேசத்தின் பரேலியில் இவ்வகைத் தொழிற்சாலை தோன்றியது. இன்று கடையில் நீங்கள் வாங்கும் பூசைக் கற்பூரம் பெரும்பாலும் டர்பன்டைனிலிருந்து வந்ததே. கற்பூர மரத்தை அது கண்டதே இல்லை!

அப்படியானால் அது போலியா? வேதியியல் நோக்கில் அல்ல. மூலக்கூறின் அணு அமைப்பு ஒன்றே. ஆனால் நுட்பமான ஒரு வேறுபாடு உண்டு. கற்பூர மூலக்கூறு நம் வலக்கையும் இடக்கையும் போல, ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரு வடிவங்களில் இருக்க முடியும். சீனக் கற்பூர மரம் ஒரு வடிவத்தை மட்டுமே ஆக்குகிறது. தொழிற்சாலையில் வருவது பெரும்பாலும் இரண்டும் சரிபாதி கலந்தது. ஒரே தளத்தில் அதிரும் ஒளிக்கற்றையைக் கரைசலினூடே செலுத்தினால், மரத்துக் கற்பூரம் அதை வலப்புறம் திருப்பும். சரிபாதிக் கலவை திருப்பாது. எது எங்கிருந்து வந்தது என்பதைச் சோதனைச் சாலை இவ்வாறு கண்டுகொள்ளும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கற்பூரத்தை விழுங்குவது நஞ்சாகும். குழந்தைகளுக்குச் சிறிதளவே வலிப்பை உண்டாக்கிவிடும். பூசைக் கற்பூரத்தை உணவிலோ கைமருந்திலோ ஒருபோதும் சேர்க்கக் கூடாது.

எலுமிச்சைப்புல் கற்பித்த பாடம்

கற்பூரத்துக்கு நேர்ந்தது அதனுடன் நிற்கவில்லை. நம் அண்டை மாநிலமான கேரளத்தின் மலைச்சரிவுகளில் எலுமிச்சைப்புல் வளர்த்து எண்ணெய் வடிப்பது ஏழை உழவர்களின் தொழிலாக இருந்தது. கொச்சித் துறைமுகம் வழியே ஏற்றுமதியானதால் கொச்சி எண்ணெய் என்று உலகம் அதை அழைத்தது. எண்ணெயில் முக்கால் பங்குக்குக் குறையாமல் சிட்ரால் இருந்ததே அதன் மதிப்பு.

1893இல் டீமன், குரூகர் என்னும் இரு ஜெர்மானியர் சிட்ராலிலிருந்து அயனோன் என்ற பொருளைத் தயாரித்தனர். அதில் வயலட் மலரின் மணம் வீசியது! கேரளத்துப் புல்லில் பிறந்த மணப்பொருள் ஐரோப்பியச் சீமாட்டிகளின் கைக்குட்டையில் வயலட் மலராக மணந்தது. பின்னர் 1947இல் சுவிட்சர்லாந்தில் இஸ்லரும் அவர் குழுவினரும் அயனோனிலிருந்து வைட்டமின் ஏ தயாரிக்கும் வழியைக் கண்டபோது சிட்ராலின் தேவை மேலும் வளர்ந்தது. 1951இல் எர்ணாகுளம் மாவட்டத்தில் ஓடக்காலி என்னும் ஊரில் எலுமிச்சைப்புல்லுக்கென ஆராய்ச்சி நிலையமும் அமைந்தது.

ஆனால் வாங்குவோர் விரும்பியது புல்லை அன்று. சிட்ரால் என்னும் ஒரே பொருளை. அதைப் பெட்ரோலிய வழிப் பொருள்களிலிருந்து பெருமளவில் செய்ய மேலைநாட்டுத் தொழிற்சாலைகள் கற்றுக்கொண்டன. பிற நாடுகளும் புல்லை வளர்க்கத் தொடங்கின. கொச்சி எண்ணெய்க்கு இருந்த தனியிடம் போயிற்று. புல் மாறவில்லை, மணமும் மாறவில்லை. உழவர் செய்த தவறு எதுவும் இல்லை. ஆயினும் அடி விழுந்தது அவர் தலையில்தான்.

வெட்டிவேர் தாக்குப்பிடித்தது எப்படி?

இப்போது இதற்கு நேர்மாறான ஒரு மணத்தைப் பார்ப்போம். அதன் பெயரே நம் மொழியில் பிறந்தது. வெட்டி எடுக்கும் வேர் ஆதலால் வெட்டிவேர். இத்தமிழ்ச் சொல்லே சிறிது திரிந்து பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் வழங்குகிறது. பாரிஸ் நகரத்து நறுமணக் கலைஞர் அதைச் சொல்லும்போதெல்லாம், தாம் அறியாமலே தமிழ் பேசுகிறார்.

மணமுள்ள வேர்களை நம்மவர் நெடுங்காலமாகவே போற்றி வந்துள்ளனர். இறைவனின் திருமஞ்சன நீரில் இட ஏலமும் செண்பக மொட்டும் இலாமிச்சம் என்னும் மணவேரும் வாங்கப் பொருள் வைத்த செய்தி தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் உண்டு. கோடையில் பானைத் தண்ணீரில் வெட்டிவேரை இடும் பழக்கம் இன்றும் நம் ஊர்களில் மறையவில்லை. அரியலூருக்குக் கிழக்கே அண்டை மாவட்டமான கடலூரின் கடலோர மணற்பாங்கில் வெட்டிவேர் பயிராகிறது. தென்னிந்திய வகை பெரும்பாலும் விதை பிடிப்பதில்லை. தூரைப் பிரித்துத்தான் நட வேண்டும். ஓராண்டுக்கு மேல் வளர்ந்தபின் மண்ணை ஆழத் தோண்டி வேரை எடுத்து, கழுவி உலர்த்தி, ஒரு நாள் முழுவதும், சில வேளை அதற்கு மேலும், நீராவியில் வடித்தால் கனத்த, பழுப்புநிற எண்ணெய் சிறிதளவு கிடைக்கும். மெல்ல ஆவியாவதால் அது தானும் நீண்ட நேரம் மணக்கும். தன்னுடன் சேர்ந்த மற்ற மணங்களையும் பிடித்து நிறுத்தும்.

இந்த எண்ணெயை வேதியியலர் பகுத்துப் பார்த்தபோது திகைத்தனர். குசிமால், இருவகை வெட்டிவோன்கள் என நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்கள் அதில் இருந்தன. அவற்றுள் பெரும்பாலானவை 15 கார்பன் அணுக்கள் கொண்ட, வளையம் வளையமாகப் பின்னிய மூலக்கூறுகள். எண்ணெயில் அதிகம் உள்ள பொருளைத் தனியே எடுத்து முகர்ந்தால் முழு வெட்டிவேர் மணம் வருவதில்லை. எண்ணெயிலுள்ள ஆல்கஹால்களைப் பிரித்து அசிட்டேட்டாக மாற்றி உயர்ந்த நறுமணக் கலவைகளில் சேர்க்கிறார்கள்; அதுவும் பல பொருள்களின் கூட்டே. ஆகவே கற்பூரத்துக்கும் சிட்ராலுக்கும் செய்ததைப் போல வெட்டிவேருக்குப் பதிலாக ஒரு மூலக்கூறை நிறுத்த எவராலும் இயலவில்லை. ஹைத்தி, ஜாவா, ரீயூனியன் தீவுகளிலும் இந்தியாவிலும் உழவர்கள் இன்றும் மண்ணைத் தோண்டிக் கொண்டிருப்பது இதனால்தான்.

கதை இத்துடன் முடிந்துவிட்டதென நினைக்க வேண்டாம். 2021இல் ஜெர்மனியின் பெஞ்சமின் லிஸ்ட், நறுமண வேதியியலர் பிலிப் கிராஃப்ட் ஆகியோர் அடங்கிய குழு ஒன்று வெட்டிவேரின் தனித்த மணத்துக்கு அடிப்படையான பொருளைக் கண்டறிந்து, அதைச் சோதனைச் சாலையில் தொகுத்தும் காட்டியது. எண்ணெயில் சிறு அளவே இருந்து, பெரும் பொருள்களுக்கிடையே ஒளிந்திருந்த மூலக்கூறு அது. லிஸ்ட் அதே ஆண்டில் வேறு பணிக்காக வேதியியல் நோபல் பரிசு பெற்றவர். தொகுக்கும் வழி நீண்டது. டர்பன்டைனிலிருந்து கற்பூரம் செய்வது போன்ற மலிவான வழி அன்று. ஆனால் 1893இல் பிரெட் வரைந்த படமும் அன்று தாளில்தான் இருந்தது. பத்தே ஆண்டுகளில் அது சோதனைக் குழாய்க்கு வந்துவிட்டது என்பதை நாம் மறக்கக் கூடாது.

நாம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

இந்த வரலாற்றால் நமக்கு என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். மழையை நம்பியிருக்கும் பெரம்பலூர், அரியலூர் போன்ற நிலப்பகுதிகளில் நறுமணப் பயிர் வைக்கும்படி உழவர்களுக்கு யோசனை சொல்லப்படுவதுண்டு. நல்ல யோசனையே. ஆனால் உங்கள் தந்தையோ பாட்டனாரோ நிலத்தில் ஒரு மணப்பயிரை நட எண்ணினால் மூன்று கேள்விகளை நீங்கள் எழுப்புங்கள்.

முதலாவது: வாங்குவோர் இப்பயிரில் விரும்புவது ஒரே ஒரு பொருளையா, பல பொருள்களின் கூட்டையா? இரண்டாவது: ஒரே பொருள் என்றால், அது வேறு மலிவான மூலத்திலிருந்து ஏற்கெனவே கிடைக்கிறதா? மூன்றாவது: எண்ணெய் விலைபோகாத ஆண்டிலும் பயிருக்கு வேறு பயன் உண்டா? வெட்டிவேரின் அடர்ந்த வேர் மண்ணரிப்பைத் தடுக்கும். வரப்போரத்தில் நின்று ஓடும் நீரை மட்டுப்படுத்தும். தட்டியாகவும் விசிறியாகவும் பாயாகவும் உருப்பெறும். விலை வீழ்ந்தாலும் வேர் வீணாகாது.

தனிமணப்பொருளைப் பிரித்தெடுக்கும் கலையைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அக்கலை இல்லாவிட்டால் மணம் என்பது என்ன என்றே நாம் அறிந்திருக்க மாட்டோம். டர்பன்டைன் கற்பூரம் வராமலிருந்தால் ஏழை வீட்டுத் தட்டில் கற்பூரம் எரிந்திராது. எஞ்சிய கற்பூர மரங்களும் வீழ்ந்திருக்கும். பாரூஸ் மரம் இன்று அருகிவரும் இனங்களுள் ஒன்று என்பதையும் எண்ணிப் பாருங்கள். ஆனால் பிரித்தெடுக்கும் அறிவு ஆய்வாளரிடமும் ஆலை முதலாளியிடமும் மட்டும் தங்கிவிட்டால், பயிரிடுபவர் ஒவ்வொரு முறையும் கடைசியாகத்தான் செய்தி அறிவார். கேரளத்துப் புல்வெட்டி அப்படித்தான் அறிந்தார்.

முடிக்குமுன் தொடக்கத்தில் செய்த சோதனையைச் சற்று விரிவாக்குங்கள். மூன்று கற்பூர வில்லைகளை எடுங்கள். ஒன்றைத் திறந்த தட்டிலும், ஒன்றை மிளகு சில போட்ட திறந்த தட்டிலும், ஒன்றை மூடிய டப்பாவிலும் வையுங்கள். கற்பூரத்துடன் மிளகு போட்டால் அது கரையாது என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வது சரியா, இல்லை மூடிதான் காக்கிறதா என்பதை நீங்களே கண்டறியலாம். நான்காவது தட்டில் ஒரு பிடி வெட்டிவேரை வையுங்கள். நாள்தோறும் முகர்ந்து, தேதியிட்டுக் குறித்து வாருங்கள். கற்பூரத் தட்டு வெறுமையான பிறகும் வெட்டிவேர் எத்தனை நாள் மணக்கிறது என்பதை உங்கள் குறிப்பேடு சொல்லும். அந்த விடுமுறையிலேயே கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் ஒருமுறை சென்று வாருங்கள். கருவறையில் கற்பூர ஒளி தோன்றும்போது, பாரூஸ் கரையில் கல் நாட்டிய தமிழ் வணிகரையும், புல்லை நம்பி ஏமாந்த மலைச்சரிவு உழவரையும் ஒரு கணம் நினைத்துக் கொள்ளுங்கள்.